கோர்ட்டுச் செலவும் அவன் தலையிலா?

"குற்றம் செஞ்சவன்தானே, கோர்ட்டு நடத்துற செலவையும் அவனே கட்டட்டுமே." எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் போன கிழமை இந்தப் பேச்சு வந்தபோது அநேகமாக எல்லாருமே தலையாட்டினார்கள். கேட்டவுடன் நியாயமாகத்தான் இருக்கிறது. நேர்மையாக வரி கட்டுகிற சனம் ஏன் கள்ளனுடைய வழக்குக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்?

இங்கிலாந்தில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2015 ஏப்ரல் 13 முதல், குற்றவாளி என்று தீர்ப்பான வயதுவந்த எவரும் தண்டப்பணத்துக்கு மேலதிகமாக நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும் என்றானது. நீதவான் நீதிமன்றத்தில் சிறிய குற்றமொன்றை ஒப்புக்கொண்டால் 150 பவுண். மறுத்து வழக்காடித் தோற்றால் 520. மேல்மன்றத்தில் விசாரணை நடந்து தோற்றால் 1,200. ஆளிடம் காசு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத் தொகையைக் குறைக்க நீதவானுக்கு அதிகாரமில்லை.

75 பென்ஸ் பெறுமதியான சொக்லட் திருடிய ஒரு பெண்ணின் வழக்கு அப்போது பெரிய செய்தியானது. பசியில் எடுத்ததாகச் சொன்னார். தண்டம், செலவு, கட்டணம் எல்லாம் கூட்டி 300 பவுணுக்கு மேல் வந்தது.

ஆனால் எங்களுக்கு உறுத்துவது அந்த 150க்கும் 520க்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான். வகுப்பில் ஒரு பேனை காணாமல் போனால், "ஒப்புக்கொண்டால் கொஞ்சம் அடி, மறுத்து மாட்டினால் நாலு மடங்கு" என்று சொல்லிப் பாருங்கள். எடுக்காத பிள்ளையே கை தூக்கும். எடுத்த பிள்ளை பேசாமல் குந்தியிருக்கும்! கையில் காசில்லாதவனுக்கு நிரபராதி என்று வாதாடுவதே சூதாட்டமாகிவிடுகிறது. அங்கே நீதவான்களில் பெரும்பாலானோர் சம்பளமில்லாமல் சேவை செய்கிறவர்கள். அவர்களில் பலர் இதற்காகவே பதவியை விட்டுப் போனார்கள். கடைசியில், அதைக் கொண்டுவந்த அதே கட்சி அரசாங்கம் அதே வருடம் டிசம்பர் 24 அன்று அதை நீக்கியது. எட்டு மாதம்தான். ஏற்கனவே விதித்த கட்டணங்கள் மட்டும் தானாக இல்லாமல் போகவில்லை.

எங்கள் நாட்டில் 'அரச செலவு' என்று தீர்ப்போடு சேர்த்து விதிப்பதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். சிறு தொகைதான். அதைக் கூட்டினால் திறைசேரி நிறையும் என்று நினைக்கிறவர்கள் சிறைச்சாலைத் திணைக்களத்தின் கணக்கை ஒருதரம் பார்க்க வேண்டும். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். கட்டாத காசுக்காக அவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போடுவது அதே வரிப்பணம்தான். இதில் யாருக்கு இலாபம்?

எங்களிடம் படிக்கிற எட்டாம் ஆண்டுப் பிள்ளையொன்று போன தவணையில் பதினொரு நாள் வரவில்லை. வாப்பா த்ரீவீல் ஓடுகிறவர். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போய்விட்டார். உம்மா இடியப்பம் அவித்து விற்கிறவ. பிள்ளைதான் காலையில் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. விசயம் தெரியவந்ததும் ஆசிரியர்கள் எட்டுப் பேர் சேர்ந்து மிச்சத்தைக் கட்டினோம். அவர் செய்தது பிழைதான், அதில் எங்களுக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் அந்தத் தண்டத்துக்கு மேல் இன்னுமொரு பெரிய கட்டணம் இருந்திருந்தால் எட்டுப் பேரால் முடிந்திருக்காது. பிள்ளை அந்தத் தவணைப் பரீட்சையையே விட்டிருக்கும்.

உங்கள் மஹல்லாவிலும் இப்படி யாராவது உள்ளே இருக்கக்கூடும். குடும்பத்தாரிடம் தொகை எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சிலவேளை ஒரு வலீமாவில் நாலைந்து சஹன் சோற்றுக்குச் செலவாகிற காசாகத்தான் இருக்கும்.