இதய நோயாளியின் நோன்பும் மாத்திரையும்



ரமழான் நெருங்கும்போது பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பெரியவர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: “ஹஜ்ரத், ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு நோற்கலாமா?”

நோன்பின் சட்டத்தை நாம் சொல்லலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆயினும் அம்மாத்திரை எதற்கென்று அறிந்தால் விடை தெளிவாகும்.

காயம் பட்டால் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றுகூடி இரத்தப்போக்கை நிறுத்துகின்றன. இது இறைவனின் அருட்கொடை. ஆனால் இதயக் குழாயில் கொழுப்புப் படிவு வெடிக்கும்போதும், புதிதாக வைத்த ஸ்டென்ட்டின் மீதும் அவையே திரண்டால் குழாய் அடைபட்டுவிடும். அதைத் தடுக்கவே ஆஸ்பிரினும் அதனுடன் இன்னொரு மருந்தும் தரப்படுகின்றன. மாரடைப்புக்குப் பின் பொதுவாக ஓராண்டளவு இரண்டும் தொடரும்.

17,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து, 1988-இல் வெளியான ஆய்வில், ஒரு மாத ஆஸ்பிரின் மரணங்களை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. பின்னர் குளோபிடோக்ரெல் வந்தது. கல்லீரல் அதை மாற்றிய பிறகே அது வேலை செய்யும்; பிறவியிலேயே சிலருக்கு அம்மாற்றம் குறைவு. அடுத்து வந்த பிராசுக்ரெல், டிகாக்ரெலார் ஆகியவை வலிமை மிக்கவை. இரத்தக்கசிவு அபாயமும் அவற்றில் கூடுதல்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், பிராசுக்ரெல் ஆகியவை பெரும்பாலும் நாளுக்கொரு வேளை. மருத்துவர் இசைந்தால் நோன்பு துறந்தபின் உட்கொள்ளலாம். டிகாக்ரெலார் இரு வேளை. அதன் தாக்கம் விரைவில் குறைவதால் ஒரு வேளையையும் விடலாகாது. ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுக்கலாமா என்பதை ரமழானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். அவர் நோன்பு வேண்டாம் என்றால், அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையைத் தருகின்றன. குணமாகும் நம்பிக்கை இல்லாதவருக்கு ஃபித்யா உண்டு.

2023-இல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் உடனடியாக 14 மாத்திரைகள் தரப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. பெரிய மருத்துவமனை தொலைவிலுள்ள நம் சிற்றூர்களுக்கு இது பேருதவி.

ஆகவே, நெஞ்சுவலி கண்ட நோன்பாளி மஃரிப் பாங்கிற்காகக் காத்திருப்பது தக்வா அன்று. உடனே 108-ஐ அழையுங்கள். கொடுக்கும் மாத்திரையை விழுங்கச் செய்யுங்கள். முறிந்த நோன்பைப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம். உயிர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் நல்லறிவை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.