அடுப்புக்கு லீவு!

ஞாயிற்றுக்கிழமை என்றால் யாருக்கு லீவு? இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று கொஞ்சம் உரக்கக் கேட்டுப் பாருங்கள். ஆபீஸுக்கு லீவு. பள்ளிக்கூடத்துக்கு லீவு. தபால்காரருக்கும் லீவு. சமையலறைக்கு? அங்கேதான் அன்றைக்கு இரட்டை வேலை! காலையில் பூரி, மத்தியானம் வடை பாயசம், சாயங்காலம் "ஏதாவது மொறுமொறுவென்று" ஒன்று. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய் நாற்காலியில் உட்காருவதுதான் எனக்கு ஓய்வு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால், சகோதரிகளே, மறுக்க மாட்டீர்கள்.

நானும் என் கணவரும் சாப்பாட்டுப் பிரியர்கள். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமே கிடையாது. எங்கள் இருவருக்கும் தமிழ்நாட்டுப் படம் என்பது ஆறுகளாலும் மலைகளாலும் ஆனது அல்ல. காஞ்சீபுரம் என்றால் இட்லி, திருநெல்வேலி என்றால் அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, மணப்பாறை என்றால் முறுக்கு. எந்த ஊரில் இறங்கினாலும் அவர் முதலில் விசாரிப்பது, கோயில் நடையை எப்போது சாத்துவார்கள் என்று அல்ல, "இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்றுதான்.

ஆனால் வெகு காலம் வரையில் எங்கள் உல்லாசப் பிரயாணம் எப்படி இருந்தது, தெரியுமா? விடியற்காலை நாலு மணிக்கு நான் எழுந்திருக்க வேண்டும். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடாம், ஒரு தூக்கு நிறைய மோர். பிறகு மரத்தடியில் ஜமக்காளம் விரித்து, எல்லோருக்கும் பரிமாறி, நான் உட்காரும்போது உருளைக்கிழங்கு இருந்த பாத்திரம் பளபளவென்று இருக்கும். ஊருக்குத் திரும்பினால் தேய்க்க வேண்டிய பாத்திரங்கள் காத்திருக்கும். இப்படி ஒரு தடவை பூண்டிக்குப் போய் வந்த இரவில் ஒரு சட்டம் கொண்டு வந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டக் கூடாது. கட்டுச்சாதமும் கிடையாது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து அதே பந்தியில் உட்கார வேண்டும்.

"ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது. செலவும் ஜாஸ்தி" என்று அவர் ஆட்சேபித்தார்.

"அப்படியானால் அடுத்த தடவை கட்டுச்சாதத்தை நீங்கள் கட்டுங்கள்" என்றேன்.

பாவம், ரோஷக்காரர், கட்டினார். எலுமிச்சம்பழ சாதம். நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு எலுமிச்சம்பழ சாதத்துக்கு பதினான்கு பாத்திரங்கள் தேவை என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அத்தனையையும் தேய்த்தவரும் அவரே. மறு மாதம் சட்டம் ஏகமனதாக நிறைவேறியது!

அந்தச் சட்டப்படி நாங்கள் போய் வந்த இடங்களில் ஒன்றுதான் திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர். அந்தத் தடவை என் மாமியாரையும் அழைத்துக்கொண்டோம். எழுபது வயதைத் தாண்டியவர். "நானும் வந்துவிட்டால் வீட்டை யார் பார்த்துக்கிறது?" என்றார். "பூட்டு பார்த்துக்கொள்ளும், அத்தை" என்று சொல்லிக் கையைப் பிடித்து ரயிலில் ஏற்றினேன்.

சென்னையிலிருந்து திருவள்ளூர் சுமார் 42 கிலோமீட்டர். மின்சார ரயிலில் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று ஒவ்வொன்றாகக் கழியும். தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது இந்த வழியாகத்தான்.

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளைச் சேவித்தோம். குளத்தில் ஜனங்கள் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்று நம்பிக்கை. இங்கே ஸ்வாமிக்கு வைத்திய வீரராகவர் என்றே பெயர். இந்த ஸ்தலத்தின் கதையும் சாப்பாட்டுக் கதைதான்! சாலிஹோத்திரர் என்ற ரிஷி ஒரு வருஷம் உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று அரிசி மாவைப் படைத்துவிட்டு, அதிதி யாராவது வருவாரா என்று காத்திருந்தாராம். ஒரு கிழவர் வந்தார். கொடுத்ததைச் சாப்பிட்டார். பசி அடங்கவில்லை என்றார். ரிஷி தம் பங்கையும் கொடுத்துவிட்டு, மறுபடி ஒரு வருஷம் பட்டினி. அடுத்த தை அமாவாசைக்கும் அதே கிழவர்! அதையும் சாப்பிட்டுவிட்டு, "படுக்க எவ்வுள்?" என்று கேட்டாராம். எந்த உள்ளறை என்று அர்த்தம். அதனால் ஊர் திருஎவ்வுள் ஆயிற்று. வந்தவர் பெருமாள். இன்றைக்கும் ரிஷியின் தலையில் கை வைத்தபடி பள்ளிகொண்டிருக்கிறார்.

"வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்க இடம் கேட்ட ஸ்வாமி! எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றார் என் கணவர். அத்தை மட்டும் ஏதோ யோசனையில் இருந்தார்.

அங்கிருந்து ஆட்டோவில் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் திருப்பாச்சூர். 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் புதரில், 'வாசி' என்னும் வெட்டுக் கருவி பட்டு லிங்கம் வெளிப்பட்டதால் வாசீஸ்வரர் என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். அப்பரும் சம்பந்தரும் தேவாரம் பாடிய ஸ்தலம். அம்மனின் பெயரைக் கேளுங்கள்: தங்காதலி! தம்பதிகள் சேர்ந்து போவதற்கு இதைவிடப் பொருத்தமான சந்நிதி உண்டா? இந்தக் கோயிலில் விநாயகர் சபை என்று ஒன்றும் இருக்கிறது. ஒருவர் அல்ல, இருவர் அல்ல, பதினொரு பிள்ளையார்கள்!

அத்தை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினொரு பேருக்கும் கொழுக்கட்டை பிடிக்கிறது யாரோ?" என்றார்.

வெளியே நிழலில் உட்கார்ந்தபோது அவரே மெதுவாக ஆரம்பித்தார். "அந்த ரிஷி ரெண்டு வருஷம் பட்டினி கிடந்தார்னு கதை எழுதி வெச்சிருக்காங்க. எங்க வீட்டில பதினாலு பேர். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் உட்காருவேன். குழம்பு இருந்தால் சாதம் இருக்காது, சாதம் இருந்தால் குழம்பு இருக்காது. எனக்கு அது கதைன்னே தோணலே, போ!" சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் திருவள்ளூருக்கே திரும்பி ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். வாழை இலை. அவரைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், அப்பளம். அத்தை இலையைப் பார்க்கவில்லை. மகன் இலையில் என்ன விழுகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பளத்தை நொறுக்கி முடித்ததும், தம் அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார். அவர் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு எடுத்து மறுபடி அம்மாவின் இலையிலேயே வைத்தார்.

"இது உன் அப்பளம், அம்மா. நீ சாப்பிடு."

நேயர்களே, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்ன வார்த்தைகளிலே எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

அத்தை ரசம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டார். மோர் ஊற்ற வந்த பையனை நிமிர்ந்து பார்த்து, "நீ சாப்பிட்டியா, தம்பி?" என்று கேட்டார். அவன் திகைத்துப் போனான். "மூணு மணிக்கு மேலேதான், பாட்டிம்மா. கூட்டம் முடியணுமே!" என்றான். எங்கள் அடுப்புக்கு லீவு கொடுத்தால் வேறு ஒருவருடைய அடுப்பு எரிகிறது என்பது என் சட்டத்தில் எழுதப்படாத ஷரத்து. அன்றையிலிருந்து நாங்கள் இரண்டு மணிக்கு முன்னால் இலையைக் காலி செய்துவிடுகிறோம்.

சாயங்காலம் பூண்டி ஏரிக்கரை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என்கிறார்கள். 1996 முதல் கிருஷ்ணா நதித் தண்ணீரும் இங்கே வந்து சேருகிறது. சென்னைவாசிகள் தினம் குடிக்கும் காப்பியில் பூண்டிக்கும் பங்கு உண்டு! அதே கரையில், இந்தத் தடவை ஜமக்காளத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அத்தையும் நானும். டீ வாங்கி வந்து கொடுத்தவர் அவர்.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருஷத்தில் நமக்குப் பத்து நிமிஷம் மிச்சம். அவர்களுக்கும் ஒன்பது நிமிஷம் மிச்சமாகிவிட்டதே, அதைத்தான் என்ன சொல்ல!

திருப்பாச்சூருக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. ஓட்டலுக்குப் போக வசதிப்படாத மாதங்கள் எங்களுக்கும் உண்டு. அப்போது குழம்பையும் சாதத்தையும் கூடத்தின் நடுவில் கொண்டு வந்து வைத்துவிடுகிறோம். அவரவர் தட்டில் அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியது. அத்தையும் எங்களோடு உட்காருகிறார். நாலு வாய் சாப்பிட்டதும், "ஊறுகாயை மறந்துட்டேனே" என்று எழுந்திருக்கப் பார்ப்பார். அதற்குள் அவர் பிள்ளை எழுந்து போய்விடுகிறார். ஊறுகாய் ஜாடி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது இப்போது அவருக்கும் தெரியும்.