மென்சவ்வின் வாயில்கள்

“பங்கூடுபுகவிடும் மென்சவ்வு” என்னும் நீண்ட தொடரை உயர்தர வகுப்பில் நாம் அனைவரும் மனனஞ் செய்திருக்கிறோம். றியோ இலையின் ஊதாநிறப் புறத்தோலைச் செறிந்த சுக்குரோசுக் கரைசலிலிட்டு, முதலுரு கலச்சுவரைவிட்டு விலகிச் சுருங்குவதை நுணுக்குக்காட்டியிற் கண்டதும் உண்டு. ஆயினும் அத்தொடர் மாணவர் மனத்தில் எழுப்பும் உருவம் ஓர் அரிதட்டே. சிறியன செல்லும், பெரியன தங்கும்.

கலமென்சவ்வோ அரிதட்டன்று. இரு படைகளாக அடுக்கப்பட்ட கொழுப்பு மூலக்கூறுகளே அதன் அடிப்படை. ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் அப்படைகளூடு தாமாகவே பரவிச் செல்லும். சோடியம் அயன் குளுக்கோசு மூலக்கூற்றிலும் மிகச் சிறியதாயினும் அவற்றைத் தானே கடக்கமாட்டாது. அதன் மின்னேற்றமே தடை. அதற்கெனப் புரதங்களாலான தனி வாயில்கள் வேண்டும். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

சிறுகுடலின் உட்சுவர்க் கலங்களில் உள்ள ஒரு புரதம், இரண்டு சோடியம் அயன்களையும் ஒரு குளுக்கோசு மூலக்கூற்றையும் சேர்த்தே உள்ளே கொண்டுசெல்கிறது. கலத்தின் மறுபுறத்தே வேறொரு புரதம் சக்தியைச் செலவிட்டு, மூன்று சோடியம் அயன்களை வெளியேற்றி இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளெடுத்தபடியே இருக்கிறது. அதனால் உள்ளே சோடியம் என்றுங் குறைவு. அக்குறைவை நாடி வெளிச்சோடியம் புகுகையில் குளுக்கோசும் உடன் புகுகிறது; பிரசாரண விதிப்படி நீர் பின்தொடர்கிறது. இவ்விணைப்பை றொபேட் கிறேன் 1960 இல் பிராக் நகரிலே நிகழ்ந்த கருத்தரங்கொன்றில் எடுத்துரைத்தார்.

வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு குடற்கலங்களின் குளோரைட்டு வாயில்களைத் திறந்துவிட, உப்பும் நீரும் வெளியே பெருகுகின்றன. ஆனால் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து புகும் வாயிலை அந்நஞ்சு கெடுப்பதில்லை. ஆகவே வெறும் உப்புநீரைப் பருகிய நோயாளி தேறுவதில்லை. உரிய அளவில் குளுக்கோசும் சேரின் இழந்த நீர் மீள்கிறது. 1968 இல் டாக்காவில் நோயாளரிடத்தே இது நிறுவப்பட்டது. 1971 இல், வங்காளதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்து எல்லையில் அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. நாளங்களில் ஏற்றும் திரவம் போதாமற்போகவே, மருத்துவர் திலீப் மகலானாபிசு உப்பையும் குளுக்கோசையும் நீரிற் கரைத்து, உறவினர் கையாலேயே நோயாளருக்குப் பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது.

உப்பிட்ட அரிசிக்கஞ்சியும் ஏறத்தாழ இதனையே செய்யும். மாப்பொருள் சமிபாடடைந்து குளுக்கோசாகிறதன்றோ! இதனைக்கொண்டு எம் முன்னோர் உயிரிரசாயனம் அறிந்திருந்தனர் என மேடையேறிப் பேச நான் உடன்படேன். என் பாட்டியார் கஞ்சி காய்ச்ச நன்கு அறிந்தவர். ஆயினும் வயிற்றோட்டங் கண்ட குழந்தைக்கு நீராகாரம் கொடுத்தலாகாது என்ற ஊர்வழக்கிற்கு அடங்கித் தம் மக்களுள் இருவரை இழந்தார். அடுப்பங்கரையிற் கஞ்சி இருந்தது.

இன்று ‘ஜீவனி’ப் பொதியொன்றை எவரும் வாங்கலாம். அதன் அளவுகளை மாற்றுவதில்தான் பலர் துணிவு காட்டுகின்றனர். இனிப்பை மிகுத்தால் பிரசாரணம் எதிர்த்திசையிற் செயற்பட்டு, உடலின் நீரையே குடலுக்குள் இழுத்துவிடும். 2002 இல் உலக சுகாதார நிறுவனம் இக்கரைசலின் உப்பையும் குளுக்கோசையும் முன்னையிலுங் குறைத்ததும் இது பற்றியே. போத்தலில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா.