கையொப்பமிட்ட சத்தியம்



புதுவருடத்தின் முதல் வேலை நாள் அது. காலை ஆறரை மணி இருக்கும். அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் என் இளைய மகள் அவசர அவசரமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன்.

"இன்டைக்கு எங்களுக்குச் சத்தியப்பிரமாணம் உம்மா. கொடி ஏத்தி, தேசிய கீதம் பாடி, எல்லாரும் சேர்ந்து வாசிக்கணும். அதுக்குப் பொறகு கிரிபத். சும்மா ஒரு சடங்குதானே" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள்.

அவள் போய் வெகுநேரமாகியும் அந்தக் கடைசி வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. நானும் முப்பது வருடங்களுக்கு மேலாக அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்றவள். மாத்தளை மாவட்டத்திலேயே எழுதுவினைஞராக வேலை பார்த்தவள். சத்தியம் செய்வது சும்மா ஒரு சடங்கு என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தவள்தான். அந்த நினைப்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இன்று உங்களிடம் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

எனக்கு நியமனம் கிடைத்தது 1981இல். அப்போது பிரதேச செயலகம் என்ற பெயர் வந்திருக்கவில்லை; உதவி அரசாங்க அதிபர் காரியாலயம் என்பார்கள். முதல் நாள் ஒரு தாளைத் தந்தார்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையிலுள்ள சத்தியம் அது. என் பதவியின் கடமைகளை அரசியலமைப்பின்படியும் சட்டத்தின்படியும் நேர்மையாகச் செய்வேன், குடியரசுக்கு விசுவாசமாயிருப்பேன், என்னால் இயன்றவரை அரசியலமைப்பைப் பாதுகாப்பேன் என்பதே அதன் சாரம். இதைச் செய்யாத அரச ஊழியர் சேவையில் இருக்க முடியாது என்று அதே அரசியலமைப்பின் 165ஆம் உறுப்புரை சொல்கிறது. நான் பேனையை எடுத்தேன், கையொப்பம் போட்டேன், வேலையைத் தொடங்கினேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா கேட்டார். வாப்பாவுக்கு மாத்தளை நகரில் மிளகு, ஏலம், கராம்பு வாங்கி விற்கும் சிறிய கடை இருந்தது.

"கையெழுத்து வெச்சிட்டு வந்தியா மகள்? என்னத்துக்கு வெச்சாய் என்டு தெரியுமா?"

"நாட்டுக்கு விசுவாசமா இருக்கிறதுக்கு வாப்பா" என்றேன்.

வாப்பா சிரித்தார். "நாடு எங்க வரப்போவுது மகள் உன்ட மேசைக்கு? மனிசன்தான் வருவான். என்ட தராசுக்கு முன்னால மிளகு கொண்டு வாறவன் மாதிரி. நிறுவையில கை வெக்காதே, அவ்வளவுதான்" என்றார்.

அளவை நிறுவையில் மோசம் செய்பவர்களை அல்குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த எச்சரிக்கை கடைக்காரர்களுக்கு மட்டுந்தான் என்று எண்ணியிருந்த வயது எனக்கு.

இரண்டு வருடங்கள் கழிந்தன. 1983 ஜூலைக் கலவரம் வந்தது. மாத்தளையும் அதற்குத் தப்பவில்லை. எங்கள் அலுவலகத்தில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். அவருடைய மைத்துனரின் கடை எரிந்து சாம்பலாகிப் போனது. சில நாட்கள் வேலைக்கு வராதிருந்துவிட்டு, ஒருநாள் வழக்கம்போல் நேரத்துக்கு வந்து, இடாப்பில் கையொப்பமிட்டுத் தன் கதிரையில் அமர்ந்துகொண்டார்.

1983 ஆகஸ்ட் 8ஆம் திகதி அரசியலமைப்புக்கு ஆறாவது திருத்தம் வந்தது. அதன்படி ஏழாம் அட்டவணை என்று இன்னொரு சத்தியம் சேர்க்கப்பட்டது. இலங்கைக்குள் தனிநாடு அமைவதற்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ, நாட்டுக்குள்ளேயோ வெளியேயோ ஆதரவளிக்க மாட்டேன், பணம் கொடுக்க மாட்டேன், ஊக்குவிக்க மாட்டேன் என்பது அது. தனிநாட்டை ஆதரித்ததாகத் தீர்ப்பானால் ஏழு வருடம் வரை குடியியல் உரிமை போகும். வாழ்வதற்கு அவசியமானது தவிர்ந்த சொத்தும் பறிபோகும். பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அ. அமிர்தலிங்கம் உட்படத் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் அந்தச் சத்தியத்தைச் செய்யாமல் சபைக்கு வெளியே நின்று, தங்கள் ஆசனங்களை இழந்தார்கள்.

அரச ஊழியர்களான எங்களுக்கும் அந்தத் தாள் வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் கையொப்பமிட வேண்டும். எனக்கு அது இரண்டாவது தாள். முதலாவதைப் போலவே ஒரு நிமிட வேலை. நான் போட்டுவிட்டு அண்ணனின் பக்கம் தாளைத் தள்ளினேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, நாட்டைப் பிரிக்கணும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. இதில கையெழுத்துப் போடுறது எனக்குக் கஷ்டமில்ல. ஆனா போன மாசம் என் மச்சான்ட கடைய எரிச்சவங்ககிட்ட யாரும் ஒரு தாளும் நீட்டல்ல. என்கிட்டத்தான் நீட்டுறாங்க."

கையொப்பமிட்டார். தாளை மடிக்காமல், மை காயும்வரை காத்திருந்து, கோவையில் வைத்தார். மறுபடியும் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரே தாளில் ஒரே வாசகத்தில்தான் இருவரும் கையொப்பமிட்டோம். என்னிடம் கேட்டது வாக்குறுதி. அவரிடம் கேட்டது நிரூபணம். அந்த வித்தியாசம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

இந்தத் திருத்தம் இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது. சமஷ்டி கேட்பது தனிநாடு கேட்பதாகாது என்று உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பத்திரிகையில் வாசித்தபோது எனக்கு அண்ணனின் முகந்தான் நினைவுக்கு வந்தது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

1990களில் ஒரு மழைக்காலம். மாத்தளை மலைப்பக்கங்களில் மண் சரிவது உங்களுக்குப் புதிதல்ல. வீடுகள் சேதமானவர்களுக்குக் கூரைத் தகரம் வழங்குவதற்கான பட்டியல் என் மேசையில் இருந்தது. முதற் தொகுதியாக வந்த தகரம் எல்லோருக்கும் போதாது. சேதத்தின் அளவையும் விண்ணப்பத் திகதியையும் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி வீட்டுக்கு வந்தார். அவருடைய குசினியின் ஒரு பக்கம் மட்டும் இடிந்திருந்தது. தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "லிஸ்ட் ஒன்ட கையிலதானே ஈக்குது மகள். ஒரு பேர மேல தூக்கி வெச்சா யாருக்குத் தெரியப் போவுது? சொந்தத்துக்கு உதவாத உத்தியோகம் என்னத்துக்கு?"

சகோதரிகளே, அந்தக் கடைசிக் கேள்வி எத்தனை வீடுகளில் கேட்கப்படுகிறது! நான் திங்கட்கிழமை மாமியின் பெயரை மேலே எழுதினேன். முதற் தொகுதியின் கடைசி இடத்தில் இருந்த பெயர் இரண்டாம் தொகுதிக்குப் போனது. அது ஒரு வயதான சிங்களப் பெண்ணின் பெயர். கணவன் இல்லாதவர்.

அவர் அடுத்த கிழமை வந்தார். "உங்களுக்கு அடுத்த முறைதான்" என்றேன். கோபிக்கவில்லை. "ஹொந்தய் மிஸ்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து நாலைந்து தேசிக்காய்களை எடுத்து என் மேசையில் வைத்தார். மழையில் விழுந்த மரத்தில் பொறுக்கியதாம். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு மழை கொட்டியது. நான் தூங்கவில்லை.

மறுநாள் எங்கள் ஊர் மௌலவி ஒருவரிடம் கணவருடன் சென்று நடந்ததைச் சொன்னேன். "நான் செய்த சத்தியத்தை முறித்துவிட்டேனே, பத்து ஏழைகளுக்கு உணவளித்தால் போதுமா?" என்று கேட்டேன். அவர், "கப்பாராவைப் பற்றிப் பிறகு பேசுவோம். இதில் ஒரு மனிதரின் ஹக்கு இருக்கிறது. முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார்.

அப்போது எங்கள் அலுவலகத்தில் பிரதம எழுதுவினைஞராக இருந்தவர் யார் தெரியுமா? அதே அண்ணன்தான். பயந்து பயந்து அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. கோவையை எடுத்து என் முன்னால் வைத்து, "நீங்களே திருத்துங்க தங்கச்சி. நீங்களே பக்கத்தில சுருக்கொப்பமும் போடுங்க. அழிக்க வேணாம், வெட்டித் திருத்துங்க. பின்னால பார்க்கிறவங்களுக்கும் தெரியட்டும்" என்றார். மேலதிகாரிக்கும் தெரிவித்தார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அந்தப் பட்டியல் வேலையும் என் கையை விட்டுப் போனது. தகரம் ஏற்கெனவே மாமியின் வீட்டுக்குப் போய்விட்டிருந்ததால், அதன் பெறுமதியை நான் கட்டினேன். பெருநாளுக்காக எடுத்த பண்டிகை முற்பணம் அப்படித்தான் செலவாகியது. பிள்ளைகளுக்கு அந்தப் பெருநாளில் புது உடுப்பு இல்லை. மாமி இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குத் தகரம் கிடைத்தது. ஆனால் அதற்கிடையில் அவர் நனைந்த இரவுகளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் நான் அரசியலமைப்பை எடுத்து வாசித்தேன். பாதுகாப்பேன் என்று சத்தியம் செய்து பல வருடங்களுக்குப் பிறகு! அதன் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியவற்றால் எவருக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. ஒரு எழுதுவினைஞர் அரசியலமைப்பைப் பாதுகாப்பதென்றால் வாளெடுத்துப் போராடுவதல்ல. பட்டியலில் உரியவரின் பெயர் உரிய இடத்தில் இருக்கச் செய்வதுதான். வாப்பா தராசைக் காட்டிச் சொன்னதும் இதைத்தானே!

"மனிதர்கள் எழுதிய சட்டத்துக்கு ஒரு முஸ்லிம் சத்தியம் செய்யலாமா?" என்று சில சகோதரிகள் என்னிடம் கேட்டதுண்டு. அல்லாஹ்வின் பெயராலன்றி வேறெதன் பெயராலும் நாம் சத்தியம் செய்வதில்லை. இந்நாட்டிலும் சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதிமொழி அளிக்கச் சட்டம் நெடுங்காலமாகவே இடம் வைத்திருக்கிறது. அந்தத் தாளிலும் இரண்டு சொற்களும் இருக்கின்றன. ஆனால் எந்தச் சொல்லைத் தெரிந்தாலும் கொடுத்த வாக்கு வாக்குத்தான். நபி (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யாவில் முஸ்லிமல்லாதாருடன் செய்த உடன்படிக்கையை, அது தம் தோழர்களுக்கு எவ்வளவு கசப்பாயிருந்தபோதும் காத்து நின்றார்கள். மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவிலும், தம்மைக் கொல்லத் துணிந்த மக்களின் அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலி (ரழி) அவர்களை விட்டுச் சென்றார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் மாத்தளை மண்ணில் பிறந்த மொனரவில கெப்பெட்டிபொலவின் கதை எனக்கு நினைவு வரும். ஆங்கிலேயரின் கீழ் ஊவாவின் திசாவையாக இருந்தவர் அவர். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டவர், கிளர்ச்சிக்காரரின் பக்கமே சேர முடிவு செய்தார். ஆனால் ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சேர்ந்தார் என்பது எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் தெரிந்த வரலாறு. 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் அவரைச் சிரச்சேதம் செய்தார்கள். பதவியில் இருக்க முடியாதென்றால் வெளியே போகலாம். ஆனால் பதவியில் இருந்துகொண்டே பொறுப்பாகத் தந்ததில் கை வைக்கக் கூடாது. அதுவே அமானிதம்.

சகோதரிகளே, உங்களில் பலர் எந்தத் தாளிலும் கையொப்பமிடாதவர்களாக இருக்கலாம். ஆனால் உங்கள் கணவரோ, தம்பியோ, மகளோ கையொப்பமிட்டிருப்பார். அலுவலகத்தில் செய்த சத்தியம் பெரும்பாலும் அலுவலகத்தில் முறிவதில்லை. வீட்டில், தேநீர்க் கோப்பையோடுதான் முறியத் தொடங்குகிறது. "ஒரு பேரைப் போட்டா என்ன?" என்று நாம்தானே கேட்கிறோம்! இனி அப்படிக் கேட்க நாவெடுக்கும்போது, நம் பெயர் மேலே போனால் யாருடைய பெயர் கீழே போகும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.

அன்று பின்னேரம் மகள் வீடு திரும்பியதும் இந்தக் கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். இதுவரை வெட்கத்தால் சொல்லாதிருந்தேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "உம்மா, போன கிழமை சாச்சி ஒரு அலுவல் சொன்னாங்க. செய்யிறதா ஒத்துக்கிட்டேன். நாளைக்குப் போய் ஏலாது என்டு சொல்லிட்டு வாறேன்" என்றாள்.

"சாச்சி கோவிப்பா மகள்" என்றேன்.

"தெரியும் உம்மா" என்றாள்.

வாக்கைக் காப்பவர்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.