தலைகீழாய்ப் பிடித்த பத்திரிகை

அரசியல் பேச்சு வீண்பேச்சென்று கற்றோர் பலர் கருதுவர். தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்து நாடாளும் முறையை விளக்குவோரைக் கண்டு நானும் நகைத்ததுண்டு. ஆயினும் என் வாப்பாவும் பெரியநீலாவணை மாஸ்டரும் இருபது ஆண்டுகளாக நடத்திவரும் வாதத்தை அவ்வகையிற் சேர்க்க என் மனம் இடந்தரவில்லை.

கல்முனைக்கு வடக்கே, தமிழ்க் கிராமங்களான பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையே உள்ளது எங்கள் மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். வாப்பாவும் நெசவாளரே. 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலை கடல் பொங்கியபோது வீடும் தறியும் போயின. ஏழு வயதான என் ராத்தாவும் போனார். எனக்கு அப்போது ஒன்றரை வயது. அவர் முகம் எனக்கு நினைவில்லை. இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேல் என்பர். அவருள் மாஸ்டரின் மனைவியும் ஒருவர்.

நிவாரணப் பதிவுக்கான வரிசையொன்றிலேதான் இருவரும் சந்தித்தனர். வடக்கிலும் கிழக்கிலும் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாதென அரசு அறிவித்திருந்த நேரம். "தெற்குக் கடல் வேற, நம்மட கடல் வேறயா காக்கா?" என்றாராம் மாஸ்டர். அவர்களது நட்பின் முதல் வாக்கியம் அது.

இரண்டாம் வாக்கியம் சண்டையாகவே இருந்திருக்கும். 2005 ஜூன் 24ஆம் திகதி அரசும் விடுதலைப் புலிகளும் சுனாமிப் பொதுக் கட்டமைப்பில் ஒப்பமிட்டன. பிராந்தியக் குழுவிலே புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு என இடங்கள். "ஒப்பம் வைக்கக் கூப்பிடல்ல, கதிரை மட்டும் மூணா?" என்பது வாப்பாவின் கேள்வி. "கட்டமைப்பே இல்லாமப் போனா ஆருக்கு லாபம்?" என்பது மாஸ்டரின் கேள்வி. இருவரும் சில வாரம் முகம் பாராதிருந்தனர். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. சண்டைக்குக் காரணமே இல்லாமற் போக, வெறுங்கையோடு இருவரும் பழைய வாங்குக்கே திரும்பினர்.

சிறுவனாய் வாப்பாவோடு சென்ற நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். உலகத்து அரசுகள் அனைத்தையும் பேசிய அவ்விருவரும் இறந்தோரைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. பதினான்காம் வயதில் மாஸ்டரிடமே காரணம் கேட்டேன். அவர் உடனே விடை தரவில்லை. "அந்த வரிசையில உன்ட வாப்பா என்னிட்டப் பேப்பரக் கேட்டு வாங்கினார். கனநேரம் தலைகீழாப் பிடிச்சிருந்தார். என்ட கண்ணாடியும் கடலோட போயிட்டு. ரெண்டு பேராலயும் வாசிக்க ஏலாது, அதால பேசினோம்" என்றார்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளும், 26ஆம் திகதி சாய்ந்தமருதிலே ஒரு வீட்டினுள் நிகழ்ந்த வெடிப்பும் எங்கள் கரையை நடுங்கச் செய்தன. தாம் செய்யாத குற்றத்துக்கு வெட்கி, வாப்பா கடைப்பக்கமே போகவில்லை. ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழர் உண்ணாவிரதம் இருந்தனர்; எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். இனி இந்த நட்பு முறிந்தது என்றே எண்ணினேன்.

ஒரு மாலை மாஸ்டர் பத்திரிகையோடு எங்கள் வாசலில் நின்றார். "காக்கா, இதுக்கு மறுமொழி சொல்ல ஆளில்லாம இருக்கன்" என்றார். உம்மா தேநீர் ஊற்றினார். வாதம் சூடேறிற்று, எல்லை, காணி, கந்தோர் என்று மஃரிப் வரை நீண்டது. இடையில் வாப்பா, "சரி மாஸ்டர், என்ட மகள் இருந்திருந்தா அடையாள அட்டைக்கு இப்ப எந்தக் கந்தோருக்குப் போவாள்?" என்று கேட்டுவிட்டார், ராத்தாவின் பெயரையும் சொன்னார். அவர் வாயால் அப்பெயரை நான் கேட்டது அன்றே முதன்முறை. குசினி வாசலில் உம்மா அசையாது நின்றார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். பின்னர், தம் மனைவி மீன் வாங்கும்போது பேரம் பேசும் விதத்தைச் சொல்லத் தொடங்கினார். இருட்டிய பின்னும் எவரும் விளக்கேற்றவில்லை.

இப்போது மாஸ்டருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. விடுமுறையில் ஊர் செல்லும்போது பத்திரிகை வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. தலைப்பை வாசித்து முடிக்கு முன்னரே இருவரும் தொடங்கிவிடுவர். செய்தியை முழுமையாக வாசிக்க இதுவரை எனக்கு வாய்க்கவில்லை.