"இதுல நான் எங்கடா கீறேன்?" - நண்பனின் கேள்வியும் நான் எழுதாமல்விட்ட 72 மணி நேரமும்

டிசம்பர் 1 வந்தால் எங்கள் டெஸ்க்கிலிருந்து ஒரு கட்டுரை போயாக வேண்டும். உலக எய்ட்ஸ் தினம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது என் தலையில் விழுந்தது. பழைய கட்டுரைகள் நாலைந்தைத் திறந்துவைத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். கைகுலுக்கினால் வராது, கொசு கடித்தால் வராது, ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்தால் பயமில்லை. சிவப்பு ரிப்பன் படம் வைத்தேன். பப்ளிஷ்.

அன்று இரவு மெட்ரோவில் திருவொற்றியூர் திரும்பிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் பள்ளித் தோழன் ஒருவன் என் கட்டுரையின் லிங்க்கை எனக்கே அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி.

"நல்லாத்தான் எழுதிக்கீற மச்சான். ஆனா இதுல நான் எங்கடா கீறேன்?"

எனக்குப் புரியவில்லை. "என்னடா சொல்ற?" என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது. பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு, "நேர்ல வா."

அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். வேலை, தெரு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பெயருக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, "ராஜான்னு போடு. முன்னாடி புள்ளி மட்டும் வெச்சிடாத" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குக் காரணம் பின்னால் வருகிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி, கடல் அரிப்புக்காகப் பாறாங்கல் கொட்டியிருக்கும் கரையில் உட்கார்ந்தோம். பின்னால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ராஜா ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதுகிறவன். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு அவனைத் தெரியும். தெரியும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி தோணுனதே இல்லடா. ஆம்பளைங்க மேலதான்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சரிடா. டீ சாப்டலாமா?" என்றேன். அந்த இடத்தில் அதைவிட நல்ல பதில் யாரும் சொல்லியிருக்க முடியாது என்று பிற்பாடு அவன் சொன்னான். எனக்கு வேறு எதுவும் தோன்றாததுதான் உண்மை.

டீயைக் குடித்துவிட்டு மீதியைச் சொன்னான். மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒருவருடன் ஆணுறை இல்லாமல் உறவு. அதற்குப் பிறகு அந்த ஆள் போனை எடுக்கவில்லை. அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கமில்லை.

"ஏன்டா ஆணுறை போடல?"

"பொண்ணுங்ககிட்ட போனாத்தான் வரும்னு நெனச்சேன் மச்சான். ஆம்பளைக்கு ஆம்பளை... அதுல குழந்தையா பொறக்கப்போவுது, எதுக்கு அதுன்னு."

டிகிரி முடித்தவன். செல்போனில் உலகமே வைத்திருப்பவன். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவன் திருப்பிக் கேட்டான். "சின்ன வயசுல புள்ளிராஜா போர்டு பாத்தோமே... அதுல ஆம்பளையோட போனா வரும்னு எங்கயாச்சும் போட்டிருந்தானா?"

புள்ளிராஜாவில் இல்லாத ராஜா

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க சுவரிலும் பேனரிலும் இருந்த கேள்வி, 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட வயதில் நாங்கள் சத்தமாகப் படித்து அடிவாங்கிய வாசகம் அது. எய்ட்ஸ் என்ற சொல்லை டீக்கடை வரை கொண்டுவந்த விளம்பரம். ஆனால், அதைப் பார்த்த எல்லோரும் புரிந்துகொண்டது, புள்ளிராஜா பெண்களிடம் போகிறவன் என்று.

அதற்கு ஒரு பின்கதை உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளில்தான் அந்தக் கிருமி இருந்தது. சுனிதி சாலமன் கடைசிவரை நோயாளிகளின் பக்கம் நின்றவர். தப்பு அவர்மீது இல்லை. அந்தச் செய்தியை நாம் புரிந்துகொண்ட விதத்தில்தான் தப்பு. இந்த நோய்க்கு ஒரு பெண்ணின் முகத்தை ஒட்டிவிட்டோம்.

அமெரிக்காவில் நேரெதிர். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து ஆண்களிடம் இது முதலில் பதிவானது. உடனே அங்கே, 'இது தன்பாலீர்ப்பு ஆண்களின் நோய், நமக்கு வராது' என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இங்கே, 'இது பெண்களிடமிருந்து வருவது, நமக்கு வராது' என்று ராஜாக்கள் நினைத்தார்கள். கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான்.

உண்மையில் ஆசனவாய் வழி உறவில்தான் ஆபத்து அதிகம். உள்தோல் மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். 2021-ம் ஆண்டின் தேசியக் கணக்குப்படி, நாட்டில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி உள்ளவர்கள் சுமார் 0.21 சதவிகிதம். ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்களில் அது 3.26 சதவிகிதம். ஏறத்தாழ 15 மடங்கு. காரணம் உடல் மட்டுமல்ல, ஒளிந்து வாழ்வதும்தான். 377-வது சட்டப்பிரிவு பயத்தை உண்டாக்கி இவர்களைத் தடுப்புப் பணிகள் எட்டவிடாமல் செய்கிறது என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. ஆனாலும் எங்கள் தெருவில் பயம் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு கேள்வி, சாதாரணக் குரலில்

ராஜா ஏற்கெனவே ஒரு தனியார் லேபுக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். கவுன்டரில் இருந்தவர், "எச்.ஐ.வி டெஸ்ட்டா? யாருக்கு, உனக்கா?" என்று வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி கேட்டிருக்கிறார். "சுகர் டெஸ்ட்டுண்ணே" என்று சொல்லி, சுகருக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். சுகர் நார்மல்.

இரண்டு பேரும் 1097-க்கு போன் செய்தோம். அரசின் இலவச உதவி எண். அடுத்த திங்கட்கிழமை யார்டுக்கு லீவு போட்டுவிட்டு, அரசு மருத்துவமனை ஒன்றிலிருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போனோம். பரிசோதனை இலவசம். நம் சம்மதம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 2017-ல் வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டம் இரண்டையும் உறுதிசெய்கிறது.

கவுன்சலர், எங்கள் அம்மா வயதுக்காரர். 'கூட வந்த தம்பியும் இருக்கட்டுமா?' என்று அவனிடம் கேட்டுக்கொண்டுதான் என்னை உட்காரவைத்தார். பிறகு ஒரு கேள்வி.

"உறவு பொண்ணுங்க கூடவா தம்பி, ஆம்பளைங்க கூடவா, ரெண்டு பேர் கூடவுமா?"

மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்கும் அதே குரல். ராஜா எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவன். ஒத்திகை தேவைப்படவில்லை. "ஆம்பளைங்க கூடம்மா" என்றான். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

எப்போது நடந்தது என்று கேட்டார். மூன்று வாரத்துக்கு மேலாகிறது என்றான்.

"72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பார்த்திருந்தா 28 நாள் மாத்திரை குடுத்திருப்பாங்கப்பா. கிருமி உள்ள தங்காம தடுக்க வாய்ப்பு இருக்கு. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறமோ அவ்வளவு நல்லது. இப்ப நாள் தாண்டிடுச்சு."

ராஜா திரும்பி என்னைப் பார்த்தான். திட்டவில்லை, பார்த்தான். என் கட்டுரையில் கொசு இருந்தது, கைகுலுக்கல் இருந்தது. 72 இல்லை.

முடிவு வந்தது. எச்.ஐ.வி இல்லை. ஆனால், கிருமி நுழைந்து சில வாரங்கள் வரை பரிசோதனையில் தெரியாமல் போகலாம், அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். அதோடு இன்னொன்று, சிபிலிஸ் இருக்கிறது. நம் பாட்டிமார் மேகநோய் என்று சொன்னது.

"முன்ன எப்பவாச்சும் வலியில்லாத புண்ணு வந்து தானா போச்சா?"

போயிருந்தது. சில மாதங்களுக்கு முன்னால். இவன் உடல் சூடு என்று நினைத்து இளநீர் குடித்திருக்கிறான். புண்தான் ஆறும், நோய் ரத்தத்தில் இருக்கும். அந்தப் புண் இருந்தால் எச்.ஐ.வி நுழைவதும் சுலபம். ஆரம்ப நிலை என்பதால் பென்சிலின் ஊசி ஒன்று போதும் என்றார் டாக்டர். ஊசி இடுப்புக்குக் கீழே. "மூணு நாள் யார்டுல நின்னுக்கிட்டே கணக்கு எழுதினேன்டா" என்றான்.

அன்று அந்த அறையில் நான் கற்றுக்கொண்டதை ஜர்னலிசம் டிப்ளோமாவில் கற்றுக்கொடுக்கவில்லை. தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் ஆணுறை கிழிந்துவிடும், தண்ணீரில் கரையும் ஜெல்தான் பயன்படுத்த வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மாத்திரை இருக்கிறது. அதன் பெயர் பிரெப். எச்.ஐ.வி இல்லை என்று உறுதிசெய்து, சிறுநீரகத்தைப் பரிசோதித்து, டாக்டர் சொல்படிதான் தொடங்க வேண்டும். அது எச்.ஐ.வி-யைத் தடுக்கும். சிபிலிஸைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

"ஒருவேளை மூணு மாசம் கழிச்சு இருக்குன்னு வந்துட்டா?" என்று கேட்டான்.

"வந்தா மாத்திரை இருக்கு, தினமும் சாப்பிடணும். ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே இருந்தா, உறவு மூலமா அடுத்தவங்களுக்குப் போகாது. நூறு வயசு இருப்ப, போ."

அந்த மாத்திரைகளை அரசு 2004 ஏப்ரலிலிருந்து இலவசமாகக் கொடுக்கிறது. தாம்பரம் சானடோரியம் முதலில் தொடங்கிய மையங்களில் ஒன்று.

மூன்று மாதம்

அந்த மூன்று மாதத்தில்தான் ராஜாவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தானையில் மடித்துவைத்திருந்த ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்து நீட்டினார்.

"நீயாச்சும் சொல்லு கண்ணு. உன் பேச்சைக் கேப்பான். வேற யாரையாச்சும் நெனச்சிக்கினு இருந்தாலும் பரவால்ல, எந்த சாதியா இருந்தாலும் கட்டிவெக்கிறேன்."

எந்த சாதி என்றாலும் பரவாயில்லை என்று சொல்ல அந்த அம்மா எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. போட்டோவில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். ஊர் வாய்க்குப் பயந்து ராஜா தலையாட்டியிருந்தால், இந்த மௌனத்தின் பாதி பாரம் அவள் தலையில் இறங்கியிருக்கும். "அவன்கிட்ட பேசறேன்மா" என்றேன். பேசினேன். "அம்மாகிட்ட நானே சொல்றேன், நேரம் குடு" என்றான். இன்றுவரை சொல்லவில்லை. அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.

நம்பிக்கை மையம் வழியாக, இவர்கள் மத்தியிலேயே வேலை செய்யும் களப்பணியாளர் ஒருவர் அவனுக்கு அறிமுகமானார். சென்னையில் 1998-லிருந்து இயங்கும் சகோதரன் போன்ற அமைப்புகள் இந்தப் பணியைச் செய்கின்றன. "நம்மள மாதிரியே ஒரு ஆளுடா. எதையும் மொதல்லேர்ந்து வெளக்க வேண்டியதில்ல" என்றான்.

மூன்று மாதம் முடிந்தது. மறுபடி அதே பெஞ்ச். அதே கவுன்சலர். இல்லை என்று வந்தது. வெளியே வந்து ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். அவன் எதுவும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அடுத்த டிசம்பர் 1 கட்டுரையை நானே கேட்டு வாங்கினேன். 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று எழுதிப் பழகிய கை. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, மறு வருடம் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை வெளியிட்டது. அதிலிருந்து 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். ஆணும் ஆணும் உறவுகொண்டாலும் பரவும் என்று நேராக எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் ராஜாவுக்குக் காட்டினேன்.

படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னான்.

"72 மணி நேரம்னு எட்டாவது பாராவுல போட்டுக்கீற. அவ்ளோ தூரம் எவன்டா படிப்பான்? மேல தூக்கு."

தூக்கினேன். முதல் வரியில் வைத்தேன்.