களுதாவளை நெல்லாலையும் ஒரு மின்பட்டியலும்

2023 மார்ச் மாதத்தில் ஒரு முற்பகல். களுதாவளையில் மைத்துனர் நடத்திவரும் சிறிய நெல்லாலையின் திண்ணையில் அமர்ந்து, அவர் நீட்டிய மின்பட்டியலை வாசித்துக் கொண்டிருந்தேன். முந்திய ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியிருந்தது. பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம். ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்கினால் ஏறத்தாழ மூன்று மடங்கு.

"மச்சான், சித்திரையோட பூட்டிடுவம் எண்டு நினைக்கன்" என்றார்.

பத்திரிகையில் இருந்த காலத்தில் மின்சாரத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன். நுரைச்சோலையின் 900 மெகாவாட், மேல் கொத்மலையின் 150 மெகாவாட் என்று எல்லாம் பெரிய கணக்குகள். ஓர் ஆலையின் மின்பட்டியலை வரிவரியாகப் படித்தது அன்றுதான் முதற்தடவை.

அந்தப் படிப்பு உடனேயே ஒரு செலவைத் தவிர்த்தது. ஒரு முகவர் வந்து, கொள்ளளவி பொருத்தினால் பட்டியல் பாதியாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். உச்சக் கேள்விக்காக கேவிஏ கணக்கில் கட்டணம் செலுத்தும் பெரிய ஆலைகளுக்கு அது பயன்படும். மைத்துனருடையதோ 42 கேவிஏக்கு உட்பட்ட சிறு கைத்தொழில் இணைப்பு. பட்டியலில் அலகுக் கட்டணமும் நிலையான கட்டணமும் மட்டுமே இருந்தன. இல்லாத கட்டணத்தை எந்தக் கருவி குறைக்கும்?

பிறகு இருவருமாக ஆலையைச் சுற்றி வந்தோம். எழுவான்கரையில் வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் விளையும். ஆலைக்கான நெல் பெரும்பாலும் வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வருகிறது. ஆலை பழையது. ஒரே மோட்டர் நீண்ட தண்டொன்றைச் சுழற்ற, அதிலிருந்து பெல்ட்டுகள் வழியாக எல்லா யந்திரங்களுக்கும் விசை போகிறது. ஆலையை நிறுத்திவிட்டுக் கப்பிகளைத் தொட்டுப் பார்த்தோம். இரண்டு சுட்டன. பெல்ட் தளர்ந்து வழுக்கியதால் வந்த சூடு அது. காசு கொடுத்து வாங்கிய மின்சாரம் அங்கே சூடாகிப் போய்க்கொண்டிருந்தது. மோட்டரைச் சற்றுப் பின்னே நகர்த்தி, ஆணிகளை முறுக்கி, கப்பிகளை நேர்ப்படுத்தி, தாங்கிகளுக்குக் கிறீஸ் போட்டதற்கு ஒரு பிற்பகலும் ஒரு டப்பா கிறீஸும் போதுமாயிருந்தன.

நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. சும்மா கிடைப்பதை ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், மழையில் நனைந்து கிடக்கும் உமி தன் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தன்னிலுள்ள நீரை ஆவியாக்கவே செலவிடுகிறது. நீராவி சேர நேரமாகும்; அதுவரை காற்று ஊதும் விசிறி மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எரிந்தது போக மிஞ்சும் உமியைச் செங்கல் சூளைக்காரர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். எனவே உமிக்கு ஒரு கூரைச் சார்ப்பு இறக்கினோம். வெறுமையாகக் கிடந்த நீராவிக் குழாய்க்குக் கண்ணாடிக் கம்பளி சுற்றித் தகரம் போர்த்தினோம். கூரையில் நான்கு தகரங்களைக் கழற்றி ஒளிபுகும் தகடுகள் போட்டதும் பகல் விளக்குகள் அணைந்தன. உள்ளே அவ்வளவு சிலந்தி வலை இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சதமும் செலவில்லாத வழி இன்னொன்று இருந்தது. அதுதான் எங்களைத் தடுமாற வைத்தது. கூலிக்குக் குற்ற வருபவர்கள் ஒருவர் பின் ஒருவராக, இரண்டு மரக்கால், மூன்று மரக்கால் நெல்லோடு வருவார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் அந்தத் தண்டும் பெல்ட்டுகளும் வெறுமனே சுழலும். நெல் இல்லாவிட்டாலும் மோட்டர் மின்சாரம் இழுக்காமல் விடாது. கூலிக் குற்றலைப் புதன், சனி என்று இரண்டு நாட்களுக்குள் அடக்கிவிடலாம் என்றேன். மைத்துனர் தயங்கினார். அன்றன்று குற்றி அன்றன்று உலை வைக்கும் வீடுகள் அயலில் உண்டு. நமக்கு மிச்சமாகும் அலகு அவர்களுக்கு ஒரு நாள் காத்திருப்பு. எழுதிப் பழகிய எனக்கு அந்தக் கணக்கு மனதில் தோன்றவேயில்லை.

ஆயினும் பலகையில் எழுதித் தொங்கவிட்டார். வேறு வழியிருக்கவில்லை.

அடுத்த இரு பட்டியல்களிலும் அலகுகள் குறைந்தன. கவலை தீர்ந்தது என்று சொல்லுமளவுக்கு அல்ல. பூட்டும் பேச்சைத் தள்ளிப்போடுமளவுக்கு. சித்திரை கழிந்தும் ஆலை ஓடியது.

வைகாசியில் மீண்டும் போயிருந்தபோது ஒரு வியாழக்கிழமை. சிறிய உரப்பை ஒன்றைத் தலையில் சுமந்தபடி ஒரு மூதாட்டி வந்தார். பலகையை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வாசித்திருப்பாரோ தெரியாது. மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வாங்க பெத்தா, இறக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஆளியைப் போட எழுந்து போனார்.